அத்திக் குளவியைச் சாட்சிக்கு இழுக்காதே

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். அத்தியும் அதற்குள் வாழும் குளவியும் ஒன்றுக்கொன்று பொருந்தி வாழ்வதைக் காட்டி நீ அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். “இதைப் பார்த்த பிறகும் கடவுள் இல்லை என்பாயா?” என்று கடைசியில் ஒரு கட்டைக் குரல் கேட்கிறதே, அதைத்தான் பாப்பா பிடித்துக்கொண்டிருக்கிறாள். “அப்போ கடவுள் இருக்கார்னு நிரூபணம் ஆயிடுச்சா அப்பா?” என்று அவள் கேட்க, பாட்டியைக் கேட்டுச் சொல்கிறேன் என்று நீ நழுவிவிட்டாய். போனில் சொன்னால் பாதிதான் நிற்கும், அதனால் எழுதுகிறேன். அந்த வீடியோ சொன்னதில் பெரும்பகுதி சரி, கொஞ்சம் தப்பு. சொல்லாமல் விட்டதுதான் நிறைய.

‘அத்தி பூத்தாற்போல’ என்று அபூர்வமானதைச் சொல்கிறோம். உண்மையில் அத்தி பூப்பது அபூர்வம் இல்லை, அந்தப் பூவைப் பார்ப்பதுதான் அபூர்வம். நாம் காய் என்று சொல்லும் அந்தப் பச்சை உருண்டையே ஒரு பூங்கொத்து. கொத்தை உள்பக்கமாகச் சுருட்டி வாயைக் கட்டிய பை என்று வைத்துக்கொள். உள்சுவர் முழுக்க ஆயிரக்கணக்கில் குட்டிக் குட்டிப் பூக்கள். காம்புக்கு எதிர்ப்புறம் ஒரு சின்ன வாய். அதையும் செதில்கள் ஒன்றின்மேல் ஒன்றாக அடைத்திருக்கும்.

நம் ஊர் நாட்டு அத்திக்கு வரும் குளவியின் பெயர் செரட்டோசோலன் ஃபஸ்கிசெப்ஸ். உடம்பு 2 மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். பெண் குளவி வாசனை பிடித்து வந்து அந்த வாயின் செதில்களுக்கு இடையே தலையைக் கொடுத்து நெளிந்து நெளிந்து நுழையும். இறக்கை பிய்ந்துபோகும், உணர்கொம்பின் நுனிகளும் ஒடியும். திரும்பி வர வழி கிடையாது. உள்ளே பெண் பூக்களின் சூல்தண்டுகள் ஒரே நீளத்தில் இல்லை, சில குட்டை, சில நெட்டை. குளவியின் முட்டையிடும் குழல் குட்டைத் தண்டுள்ள பூவின் சூலை எளிதாக எட்டும். அங்கே ஒரு பூவுக்கு ஒரு முட்டை. எட்டாத நெட்டைப் பூக்கள் விதையாகும். மார்பில் இருக்கும் இரண்டு சின்னப் பைகளில் கொண்டுவந்த மகரந்தத்தைக் காலால் எடுத்துச் சூல்முடியில் தடவிவிட்டு, குளவி உள்ளேயே சாகும்.

சில வாரம் கழித்து முதலில் வெளிவருவது ஆண் குளவிகள். அவற்றுக்கு இறக்கை இல்லை, கண்ணும் பேருக்குத்தான். அவை பெண் குளவிகள் இன்னும் பூவுக்குள் இருக்கும்போதே இணைசேர்ந்துவிடும், பிறகு எல்லாமாகச் சேர்ந்து காயின் சுவரைக் குடைந்து ஒரு வழி போடும். அந்த நேரத்துக்குத்தான் ஆண் பூக்களும் முதிர்ந்திருக்கும். பெண் குளவிகள் மகரந்தத்தைப் பையில் நிரப்பிக்கொண்டு அந்த வழியாக வெளியேறும். அவற்றின் ஆயுள் ஓரிரு நாள்தான், அதற்குள் இன்னொரு அத்தி மரத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். ஆண்கள் உள்ளேயே மடியும். அதன்பிறகுதான் பழம் சிவந்து இனிக்கும்.

அடுத்த விடுமுறைக்கு வரும்போது பாப்பாவுக்கு இதை நேரில் காட்டலாம். கோலிக்குண்டைவிடச் சின்னக் காய் வேண்டாம், உள்ளே வெறும் பூதான் இருக்கும். சிவந்த பழமும் வேண்டாம், குளவிகள் போயிருக்கும், ஆண் குளவிகளின் பிணமும் வண்டுப் புழுவும் எறும்பும்தான் மிச்சம். ‘அத்திப்பழத்தைப் புட்டுப் பார்த்தால் அத்தனையும் சொத்தை’ என்ற பழமொழி இந்தக் கட்டத்தில் பிறந்ததாகத்தான் இருக்க வேண்டும். முழு அளவு வளர்ந்து, இன்னும் பச்சையாக, அழுத்தினால் இலேசாகத் தளர்ந்து கொடுக்கும் காயைப் பறிக்க வேண்டும். ஐந்தாறு காயை ஒரு கண்ணாடி ஜாடியில் போட்டு, வாயை வேட்டித் துணியால் கட்டி, நிழலில் ஒரு நாள் விடு. கொசுவலை போதாது, அதன் கண் வழியாகக் குளவி வந்துவிடும். பிளாஸ்டிக் மூடி போட்டால் வேர்த்து, குளவி எல்லாம் ஈரத்தில் ஒட்டிச் சாகும். காயை நெடுக்காக வெட்டி, 10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் வைத்துப் பார்த்தால் வாயின் செதில்களில் பிய்ந்த இறக்கை ஒட்டியிருப்பதுகூடத் தெரியும். அந்த ஒரு துண்டு இறக்கை அந்த வீடியோ முழுவதையும்விட மேல்.

இவ்வளவும் சரிதான். இனி வீடியோ சொன்ன தப்பு. ஒவ்வொரு அத்தி இனத்துக்கும் ஒரே ஒரு குளவி, பூட்டுக்கு ஒரே சாவி என்றார்கள். உலகில் 750-க்கு மேல் அத்தி இனங்கள் இருக்கின்றன. மரபணுவைப் பார்க்கத் தொடங்கியபின், ஒரே அத்திக்கு இரண்டு மூன்று குளவி இனங்கள் வருவதும், ஒரே குளவி இரண்டு அத்திக்குப் போவதும் பல இடங்களில் தெரிந்துவிட்டது. சாவி கொஞ்சம் தளர்வான சாவிதான்.

சொல்லாமல் விட்டது இன்னும் சுவையானது. அதே நாட்டு அத்திக் காய்க்கு வெளியிலிருந்து வேறு குளவிகளும் வரும். அவை உள்ளே போவதில்லை, மகரந்தமும் கொண்டுவருவதில்லை. வெளியே உட்கார்ந்து, தலைமுடியைவிட மெல்லிய ஒரு துளையூசியைக் காயின் கெட்டியான சுவருக்குள் இறக்கி, உள்ளே வளரும் குளவிப் புழுவின் மேலேயே முட்டையிடும் வகையும் உண்டு. அதன் குஞ்சு அதைத் தின்று வளரும். அந்த ஊசியின் நுனியில் பற்கள் இருக்கின்றன, நுனியைக் கெட்டிப்படுத்தத் துத்தநாகம் இருக்கிறது என்று பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ஆராய்ந்து 2014-ல் வெளியிட்டார்கள். துத்தநாக முனை வைத்த துளையூசி! மகரந்தப் பை எவ்வளவு நேர்த்தியோ அவ்வளவு நேர்த்தி. ஆனால் இதை யாரும் பக்தி வீடியோவில் போடுவதில்லை.

உங்கள் ஊர்க் கடையில் கலிமிர்னா என்ற பெயரில் உலர்ந்த அத்தி கிடைக்கும், வாங்கிப் பார். அது சீமை அத்தி, இதில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. துருக்கியின் ஸ்மர்னாவிலிருந்து 1880-களில் கலிஃபோர்னியாவுக்குக் கன்று கொண்டுபோய் நட்டார்கள். மரம் செழித்தது, காய் மட்டும் கோலி அளவு வந்ததும் உதிர்ந்துகொண்டே இருந்தது. குளவி இல்லை, அதுதான் காரணம். 1899-ல் குளவியையும் கொண்டுவந்து நிலைநிறுத்திய பிறகுதான் காய் தங்கியது. இன்றைக்கும் அந்த வகைத் தோட்டங்களில், குளவி குடியிருக்கும் ஆண் மரத்து அத்திகளைக் காகிதப் பையில் போட்டுப் பெண் மரத்தில் கட்டுவார்கள். பை அதிகமானால் குளவி அதிகமாக நுழைந்து பழம் வெடிக்கும், குளவி காலோடு வரும் பூஞ்சையால் உள்ளே அழுகும். அளவோடு கட்ட வேண்டும்.

இங்கே ஒன்றைக் கவனி. சீமை அத்தியின் பெண் மரத்தில் எல்லாப் பூவும் நெட்டைத் தண்டு. உள்ளே போன குளவி மகரந்தத்தைக் கொட்டலாம், முட்டை மட்டும் இட முடியாது. இறக்கையை இழந்து, பிள்ளையும் இல்லாமல் வீணாகச் சாகும். வெளியிலிருந்து பார்த்தால் எது ஆண் மரத்துக் காய், எது பெண் மரத்துக் காய் என்று அதற்குத் தெரியாது. மரம் குளவியை ஏமாற்றுகிறது, அவ்வளவுதான். ‘ஒருவருக்கொருவர் உதவி வாழும் இறைவனின் ஏற்பாடு’ என்று அந்தக் கட்டைக் குரல் உருகியதே, அந்த உருக்கத்துக்கு இது ஒத்துவருமா என்று யோசி.

திட்டமிடுகிறவர் இல்லாமல் இப்படி ஒரு பொருத்தம் எப்படி வரும் என்பதற்கும் ஒரு கண்ணி கிடைத்திருக்கிறது. பனாமாவில் மகரந்தம் இல்லாத குளவிகளை வேண்டுமென்றே காய்க்குள் விட்டுப் பார்த்தார்கள், முடிவு 2010-ல் வந்தது. காலால் அள்ளித் தடவும் குளவிகளுள்ள அத்தி இனங்களில், மகரந்தம் கிடைக்காத காயை மரம் உதிர்த்துவிடும் போக்கு இருந்தது. காயோடு குளவியின் சந்ததியும் போச்சு. வேலை செய்யாதவனுக்குக் கூலி இல்லை. உடம்பில் தானாக ஒட்டும் மகரந்தத்தோடு குளவி போகும் வேறு அத்தி இனங்களில் அந்தத் தண்டனையே காணவில்லை. அங்கே ஆண் பூக்களும் மகரந்தமும் ஏராளம். ஆக, கொடுக்கல் வாங்கல் ஏழு கோடி ஆண்டுக்கும் மேலாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிவந்த தடம் இன்றைய மரங்களிலேயே பல படிகளாகக் கிடக்கிறது.

இப்போது உன்னிடம் ஒரு கேள்வி. நேர்த்தியான பொருத்தம் இருந்தால் அது கடவுளுக்குச் சாட்சி என்று ஒப்புக்கொண்டால், எல்லாப் பொருத்தத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும் அல்லவா? நரம்புச் சிலந்தி நோயை எடுத்துக்கொள். உன் தலைமுறைக்கு அந்தப் பேரே தெரியாது. படிக்கட்டுக் கிணற்றிலும் குட்டையிலும் தண்ணீரில் நீந்தும் சைக்ளாப்ஸ் என்ற பொடிப்பூச்சிக்குள் அந்தப் புழுவின் குஞ்சு இருக்கும். தண்ணீரோடு குடித்தால் வயிற்றில் பூச்சி செரித்துவிடும், புழு செரிக்காது. அது குடலைத் துளைத்து வெளியேறி, சுமார் ஒரு வருடம் உடம்புக்குள் வலி தெரியாமல் வளரும். பெண் புழு ஒரு மீட்டர் வரை நீளும். பிறகு பெரும்பாலும் காலுக்கு இறங்கித் தோலில் ஒரு கொப்புளம் எழுப்பும். நெருப்பாக எரியும். எரிந்தால் மனிதன் என்ன செய்வான்? காலைத் தண்ணீரில் வைப்பான். வைத்ததும் கொப்புளம் உடைந்து புழு லட்சக்கணக்கில் குஞ்சுகளைத் தண்ணீரில் கொட்டும். அங்கே சைக்ளாப்ஸ் காத்திருக்கும். மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. குச்சியில் சுற்றிச் சுற்றி நாளுக்குச் சில சென்டிமீட்டராக வாரக்கணக்கில் இழுத்தெடுக்க வேண்டும். அவசரப்பட்டு இழுத்து அறுந்தால் உள்ளே சீழ் பிடிக்கும்.

மனிதனின் எரிச்சலையே வாகனமாக்கிக்கொண்ட இந்தக் கணக்கு அத்திக் கணக்குக்கு எந்த விதத்தில் குறைச்சல்? இந்தியாவில் கடைசி நோயாளி 1996-ல். நோய் ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் 2000-ல் சான்று தந்தது. தண்ணீரைத் துணியில் வடிகட்டியும், படிக்கட்டுக் கிணறுகளை மாற்றியும், சைக்ளாப்ஸைக் கொல்லும் மருந்தைக் குளத்தில் அளந்து போட்டும் ஒழித்தார்கள். அந்த அற்புதப் பொருத்தத்தை உடைத்ததற்காக யாரும் வருத்தப்படவில்லை.

‘அது கர்மவினை’, ‘அது சோதனை’ என்று பதில் சொல்வார்கள். சொல்லட்டும், எனக்கு அதில் சண்டை இல்லை. ஆனால் அந்தப் பதில் புழுவைப் பார்த்து வந்தது இல்லை. கடவுள் நல்லவர் என்று முன்பே நம்பிவிட்டுப் புழுவை அதற்குள் பொருத்துகிறோம். அப்படியானால் குளவியைப் பார்த்து வந்ததாகச் சொல்வதும் அப்படித்தான். நம்பிக்கை முதலில், குளவி பிறகு.

கடவுள் இல்லை என்பவர்களும் இதே குழியில் விழுகிறார்கள். அவர்களுக்குப் பிடித்த உதாரணம் கண். பாப்பாவை வைத்தே செய்து பார்க்கலாம். வெள்ளைத் தாளில் இடப்பக்கம் ஒரு கூட்டல் குறி, அதிலிருந்து 8 சென்டிமீட்டர் வலப்பக்கம் 1 சென்டிமீட்டர் அகலத்தில் கறுப்புப் பொட்டு. இடக்கண்ணை மூடிக்கொண்டு வலக்கண்ணால் கூட்டல் குறியை மட்டும் பார்த்தபடி, தாளை 60 சென்டிமீட்டர் தூரத்திலிருந்து மெதுவாக முகத்தருகே கொண்டுவரச் சொல். சுமார் 30 சென்டிமீட்டரில் பொட்டு காணாமல் போகும், இன்னும் கிட்டே வந்தால் திரும்பி வரும். போகவில்லை என்று சொன்னால் அவள் கண் பொட்டுப் பக்கம் நழுவியிருக்கிறது, அல்லது மாற்றுக் கண்ணை மூடியிருக்கிறாள். பொட்டின் குறுக்கே ஒரு கோடு போட்டுப் பார்த்தால் இன்னும் வேடிக்கை. பொட்டு மறைந்த இடத்தில் கோடு அறுபடாமல் தெரியும், மூளையே நிரப்பிக்கொள்ளும்.

நம் விழித்திரையில் நரம்பிழைகள் ஒளி வரும் பக்கமே ஓடி, ஓரிடத்தில் ஓட்டை போட்டுப் பின்னால் போகின்றன. அந்த ஓட்டைதான் குருட்டுப்புள்ளி. ஆக்டோபஸ் கண்ணில் நரம்பு பின்பக்கமாகவே போகிறது, குருட்டுப்புள்ளி இல்லை. ‘உங்கள் கடவுள் மனிதனைவிட ஆக்டோபஸுக்கு நன்றாக வயரிங் செய்திருக்கிறாரே’ என்று கேலி செய்வார்கள். ஆனால் 2007-ல் ஜெர்மன் ஆய்வாளர்கள், விழித்திரையில் இருக்கும் முல்லர் செல்கள் கண்ணாடி இழைபோல ஒளியை அந்த நரம்புக் குவியலைத் தாண்டிக் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன என்று காட்டினார்கள். மட்டமான வேலை என்று சிரித்தவர்களுக்குச் சிரிப்பு பாதியில் நின்றது. இயற்கையை எந்தக் கட்சிக்குச் சாட்சிக் கூண்டில் ஏற்றினாலும் குறுக்கு விசாரணையில் இப்படித்தான் பிறழும்.

நீங்கள் இருக்கும் அமெரிக்காவின் மினசோட்டாவுக்குப் பொருத்தமான இன்னொரு சாட்சி, ஐஸ். ஏரி மேலே உறைகிறது, அடியில் 4 டிகிரித் தண்ணீரில் மீன் பிழைத்துக் கிடக்கிறது, ஐஸ் மிதக்காவிட்டால் உயிரே இல்லை, ஆகவே கடவுள் என்று ஒரு வாதம். இதிலும் பாதி உண்மை. நல்ல தண்ணீர் 4 டிகிரிக்குச் சற்றுக் கீழே, 3.98-ல்தான் மிக அடர்த்தி. அதற்கும் கீழே குளிர்ந்தால் லேசாகி மேலே வரும். உறைந்தால் ஒவ்வொரு மூலக்கூறும் நாலு பேரோடு கைகோத்து நடுவே இடம்விட்டு நிற்பதால் பருமன் சுமார் 9 சதவீதம் கூடும். ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் 500 மில்லி தண்ணீர் ஊற்றி, மட்டத்தில் கோடு போட்டு, மூடியைத் தளர்வாக வைத்து ஃப்ரீசரில் நிற்கவிடு. மறுநாள் 545-ஐத் தொட்டு நிற்கும். கண்ணாடி பாட்டில் கூடாது, வெடிக்கும். பனிக்காலத்தில் உங்கள் வீட்டுக் குழாய் வெடிப்பதும் இதே கணக்குதான். மீனைக் காப்பாற்றும் அதே 9 சதவீதம் உன் குழாயைப் பிளக்கிறது.

அந்த 4 டிகிரிக் கதை கடலுக்குப் பொருந்தாது. ஒரு கிலோ தண்ணீரில் உப்பு 24.7 கிராமைத் தாண்டினால், உறையும்வரை அடர்த்தி ஏறிக்கொண்டேதான் போகும். கடலில் 35 கிராம். அது மைனஸ் 1.9 டிகிரியில்தான் உறைகிறது. ஐஸ் அங்கேயும் மிதக்கிறது, அது வேறு. ஆனால் ‘4 டிகிரி இல்லாவிட்டால் கடல் உயிர் அழிந்திருக்கும்’ என்பவர் உப்புத் தண்ணீரைக் கணக்கில் எடுக்கவில்லை. தண்ணீர் மட்டுமே இப்படி என்பதும் தப்பு. பிஸ்மத், கேலியம், சிலிக்கான், ஜெர்மானியம் எல்லாம் உறையும்போது பெருப்பவைதான். பிஸ்மத்துக்குள் எந்த மீன் நீந்துகிறது?

இந்த வரிசையில் எனக்குக் கொஞ்சம் கனமாகப் படுவது கார்பன் ஒன்றுதான். நட்சத்திரத்துக்குள் மூன்று ஹீலியம் சேர்ந்து கார்பன் ஆகவேண்டுமானால் கார்பன் அணுக்கருவில் ஒரு குறிப்பிட்ட ஆற்றல்படி இருந்தாக வேண்டும் என்று வானியலாளர் ஃபிரெட் ஹாயல் 1953-ல் சொன்னார். தேடினார்கள், 7.65 எம்.இ.வி. (அணுக்கரு ஆற்றலை அளக்கும் அலகு) அருகே அது இருந்தது. அது வேறெங்காவது இருந்திருந்தால் கார்பன் அருகிப்போயிருக்கும். இதற்கு இதுவரை குளவிக் கதைபோல ஒரு படிப்படியான விளக்கம் இல்லை. ஆனால் இருப்பது ஒரே ஒரு பிரபஞ்சம், வேறு எண்கள் சாத்தியமா என்பதே தெரியாது. ஒரே ஒரு சீட்டை எடுத்துவிட்டு, கட்டில் வேறு சீட்டுகள் உண்டா என்றுகூடப் பார்க்காமல் அதிர்ஷ்டத்தைக் கணக்கிட முடியுமா? அதனால் இதையும் நிரூபணம் என்று சொல்ல மாட்டேன்.

நான் பெருமாள் கோயிலுக்குத் தவறாமல் போகிறவள், இப்படி எழுதலாமா என்று நீ நினைப்பாய். எனக்கு இதில் துணை ராமானுஜரே. பானை இருந்தால் குயவன் இருக்க வேண்டும், உலகம் இருக்கிறது, ஆகவே உலகைச் செய்தவன் இருக்க வேண்டும் என்பது நியாயம் என்ற தர்க்க மதத்தாரின் பழைய அனுமானம், அவர்களில் உதயனர் அதைக் கோட்டைபோலக் கட்டினார். ராமானுஜர் பிரம்ம சூத்திர பாஷ்யத்தின் தொடக்கத்திலேயே, சாஸ்திரயோநித்வாத் என்ற சூத்திரத்துக்கு உரை எழுதும்போது, அதைக் கல் கல்லாகப் பெயர்க்கிறார். மாளிகை போன்ற பெரிய வேலைகளைப் பலர் சேர்ந்து செய்வதைத்தானே பார்க்கிறோம், உலகை ஒருவர்தான் செய்தார் என்று எப்படித் தெரியும்? மலையும் கடலும் ஒரே காலத்தில் உண்டானவை என்பதற்கு என்ன சான்று? நாம் கண்ட குயவனுக்கெல்லாம் உடம்பு உண்டு, வரம்பும் உண்டு. அந்த உவமையைப் பிடித்துப் போனால் உடம்பும் வரம்பும் உள்ள ஒருவரிடம்தான் போய்ச் சேருவோம். இறைவனை அறிய சாஸ்திரமே வழி, அனுமானம் அல்ல என்று முடிக்கிறார். ஸ்காட்லாந்தின் தத்துவ அறிஞர் டேவிட் ஹியூம் ஏறக்குறைய இதே கேள்விகளை எழுதிய நூல் 1779-ல் வெளிவந்தது. ராமானுஜர் அதற்கு ஆறு நூற்றாண்டுக்கு மேல் மூத்தவர். ஹியூம் சந்தேகப்பட்டவர். இவரோ திருவரங்கத்தில் கோயில் நிர்வாகத்தையே சீர்செய்தவர். சந்தேகத்தால் அல்ல, பக்தியால் அந்த அனுமானத்தைத் தள்ளினார் என்பதுதான் எனக்கு முக்கியம்.

சைவர்கள் பக்கம் கதை வேறு. மெய்கண்டார் எழுதிய சிவஞான போதத்தில் பன்னிரண்டே நூற்பா, முதல் நூற்பாவே இந்த அனுமானம்தான். அவன், அவள், அது என்று சுட்டப்படும் உலகம் தோன்றி, நின்று, ஒடுங்குகிறது. தானாகத் தோன்றாததற்குத் தோற்றுவிப்பவன் வேண்டும் என்று மெய்கண்டார் போகிறார். மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம் என்று பாடம் சொல்வார்கள். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. 1802-ல் வில்லியம் பேலி என்ற இங்கிலாந்துப் பாதிரியார், நடக்கும் வழியில் ஒரு கல்லைக் கண்டால் அது என்றைக்கும் அங்கே கிடந்தது என்று விட்டுவிடலாம், ஒரு கடிகாரத்தைக் கண்டால் அப்படி விட முடியாது என்று தொடங்கினார். அவருக்குக் கல் உதவாது, கடிகாரம் வேண்டும், சிக்கலான பொறி வேண்டும். அதனால்தான் 1859-ல் டார்வின், பொறி படிப்படியாக வந்த வழியைக் காட்டியதும் பேலியின் வாதம் ஆட்டம் கண்டது. மெய்கண்டாருக்கு அத்திக்குளவி வேண்டாம், அந்தக் கல்லே போதும். கல்லும் தோன்றி நின்று ஒடுங்குவதுதானே. அந்த வாதத்தை ஏற்பதும் மறுப்பதும் உன் இஷ்டம், ராமானுஜரின் கேள்விகள் அதற்கும் உண்டு. ஆனால் உயிரியல் பாடப்புத்தகத்தின் அடுத்த பதிப்பு வந்தால் அது விழாது. உன் வீடியோ வாதம் விழுந்துவிடும்.

பாப்பாவுக்கு என்ன சொல்வது என்று கேட்பாய். ‘நிரூபணம் ஆகவில்லை’ என்று சொல். ‘இல்லை என்றும் நிரூபணம் ஆகவில்லை’ என்பதையும் சேர்த்துச் சொல். இன்றைக்கு விளக்கம் தெரியாததை எல்லாம் ‘அது கடவுள் செய்தது’ என்று கொடுத்துவிடாதே. நாளைக்கு வகுப்பில் ஒரு டீச்சர் விளக்கம் சொல்லும்போது அவள் கடவுளையும் சேர்த்துத் திருப்பிக் கொடுக்க வேண்டிவரும். தேவாரம் சொல்லிக்கொடுக்கிறாய் என்று மருமகள் சொன்னாள், அப்பரின் ‘விறகில் தீயினன்’ பாட்டையும் சேர்த்துக்கொள். பாலில் நெய்போல் ‘மறைய நின்றுளன்’ என்கிறார். பாலைக் குடத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தால் நெய் தெரியாது, கடைய வேண்டும். கடைவதற்கு அவர் சொல்லும் கோல் உறவு, கயிறு உணர்வு. லென்ஸ் என்று சொல்லவில்லை. லென்ஸுக்கு வேறு வேலை இருக்கிறது, அதை அந்த வேலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

பாப்பாவுக்கு வேலை கேட்டாயே என்று ஒன்று தருகிறேன். உங்கள் தெருவில் பைன் மரம் இருக்கிறது, கீழே காய்கள் உதிர்ந்து கிடக்கும். விரிந்து கிடப்பதாக இருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போடு. செதில்கள் ஓரிரண்டு மணி நேரத்தில் மூடிக்கொள்ளும், சுருள்கள் தெளிவாகத் தெரியும். துணியால் ஒற்றி ஈரத்தை எடு, இல்லையென்றால் குறிபோடும் நகப்பூச்சு ஒட்டாது. காம்புப் பக்கத்தை மேலே திருப்பி, ஏதாவது ஒரு செதிலில் சிவப்புப் பொட்டு வைத்து, அதிலிருந்து வலமாக ஓடும் சுருளை முழுக்கச் சிவப்பில் குறிக்கட்டும். பிறகு அடுத்தடுத்த சுருளாக எண்ணிச் சிவப்புக்கே திரும்பி வர வேண்டும். இடமாக ஓடும் சுருளுக்கு வேறு நிறம். பொட்டு வைக்காமல் எண்ணினால் தொடங்கிய சுருளையே இரண்டு முறை எண்ணிவிடுவாள், எல்லாரும் செய்யும் தப்பு. காயத் தொடங்கினால் செதில் மறுபடி விரியும், அதற்குள் முடிக்க வேண்டும்.

பெரும்பாலும் 8-ம் 13-ம் வரும், சிலதில் 5-ம் 8-ம். காய்க்கு யார் எண்ணச் சொல்லிக்கொடுத்தது என்று அடுத்த கேள்வி வரும். அதற்கு இதைச் சொல். 1992-ல் பாரிஸில் இரண்டு இயற்பியலாளர்கள், எண்ணெய்த் தட்டின் நடுவே காந்தத் திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். சொட்டுகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு ஓரத்துக்கு நகர்ந்தபோது அதே சுருள், அதே எண்கள். அங்கே விதையும் இல்லை, உயிரும் இல்லை. புதிதாக வருவது இருக்கும் இடத்திலேயே அதிகக் காலியான இடத்தில் போய் உட்கார்ந்தால் போதும், எண் தானாக விழுகிறது. அப்படியானால் காலியான இடத்தில் உட்காரும் விதியை யார் வைத்தது என்று கேட்டால், அது நல்ல கேள்வி என்று சொல்லிவிட்டு விட்டுவிடு. நீயாக முடித்துவைக்காதே.

எண்ணிக்கையை ஒரு தாளில் எழுதி எனக்கு அனுப்பச் சொல். பத்துக் காயாவது எண்ண வேண்டும். ஒன்றிரண்டில் 4, 7, 11 என்று வரலாம், அப்படியும் காய்கள் உண்டு. 8 வரவில்லையே என்று அடித்துத் திருத்த வேண்டாம், வந்ததை வந்தபடியே எழுதட்டும்.

அன்புடன்,
அம்மா

பின்குறிப்பு: ஏரி உறைந்ததும் மேலே நடக்க ஆசைப்படுவாள். புதிதாக உறைந்த தெளிவான ஐஸ் 4 அங்குலமாவது இருந்தால்தான் ஆள் நடக்கலாம் என்பது உங்கள் மாநிலக் கணக்கு. வெண்மையாகப் பனி கலந்த ஐஸுக்கு அந்தப் பலம் கிடையாது. துளை போட்டு அளக்காமல் காலை வைக்காதீர்கள்.